குட்டி வாமனனுக்கு ஒரு குழித்தறி முண்டு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் 'பட்டாளக்காரர் வீடு' என்று கேட்டால் வழி காட்டிவிடுவார்கள். திருவிதாங்கூர் மன்னரின் படையிலிருந்த இரண்டு பட்டாளங்கள் 1954-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்களாகச் சேர்ந்தன. இங்கிருந்து ராணுவத்துக்குப் போகும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மகன் குடும்பத்தோடு ஜம்முவிலோ அசாமிலோ ராணுவக் குடியிருப்பில் இருப்பான். ஆவணி பிறந்ததும் ஊருக்கு போன் வரும். முகாமில் ஓணவிழா, பேரனுக்கு வாமனன் வேஷம், நல்ல பாலராமபுரம் கசவு (ஜரிகைக் கரை) முண்டாகப் பார்த்து அனுப்ப வேண்டும். ஓணம் இல்லையென்றால் கிருஷ்ண ஜெயந்தி, கண்ணன் வேஷம்.

வெளிநாட்டுத் தளங்களில் வாழும் அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கும் இதே கவலை உண்டு. அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீன் அன்று பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவார்கள். பார்சல் கடல் கடந்து வந்து சேர வேண்டுமே என்று உடைக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கும். நம் பட்டாளக்காரர் வீடுகளுக்குத் தபாலைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆவணியில் கேட்ட துணியை ஆவணியிலேயே நெய்து தர முடியாது. ஏன் என்பது தறியைப் பார்த்தால்தான் விளங்கும்.

பாலராமபுரம் நெய்யாற்றின்கரை தாலுகாவில், திருவனந்தபுரம் போகும் பெருஞ்சாலையிலேயே இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மன்னரின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் காலத்தில் திவான் உம்மிணித் தம்பி தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து குடியேற்றினார் என்பது வரலாறு. வள்ளியூரிலிருந்து வந்த ஏழு குடும்பங்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அரச குடும்பத்துக்கு மெல்லிய வெள்ளைத் துணி நெய்ய வந்தவர்கள் அவர்கள். மலையாளத்தின் அடையாளமாக உலகம் பார்க்கும் கசவுத் துணியைத் தமிழ் பேசி வந்தவர்களின் கைகள் நெய்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அவர்களுடைய கருவி குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் மிதிகளை வைத்திருப்பார்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டு மிதிப்பார். ஒரு மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் பாதி மேலே எழும், மீதி கீழே இறங்கும். நடுவில் திறக்கும் வாய்க்குள் நாடா ஊடை நூலை இழுத்துக்கொண்டு போகும். தறி தரையை ஒட்டி இருப்பதால் மண்ணின் ஈரம் நூலைப் பதமாக வைத்திருக்கும். மெல்லிய பருத்தி நூலுக்கு அது அவசியம், காய்ந்தால் அறுந்துவிடும்.

எவ்வளவு மெல்லிய நூல்? 100-ஆம் நம்பர் பருத்தி நூலில் ஒரு கிலோவை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 169 கிலோமீட்டர் போகும். திருவனந்தபுரத்தில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை ஆலப்புழையைத் தாண்டிவிடும்.

நாடா போகும் விதத்தில்தான் பாலராமபுரத்தின் தனித்தன்மை இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் விசைநாடாவுக்கு உரிமம் பெற்றார். கயிற்றை வெட்டி இழுத்தால் நாடா தானே பாய்ந்து மறுபக்கம் போகும், வேகமும் கூடும். உலகத் தறிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் போய்விட்டன. பாலராமபுரத்தின் மரபோ கையால் நாடா எறிவது: வலக்கை விட, இடக்கை வாங்கும். வேகம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு இழையின் இறுக்கத்தையும் விரல் அறியும். கரையில் ஓடும் கசவும் வேலைப்பாடும் துணியின் இருபக்கமும் ஒன்றுபோலத் தெரியும், பின்பக்கம் என்று ஒன்று இராது. ஓடியாடும் குழந்தையின் இடுப்பில் முண்டு எப்படிப் புரண்டாலும் அழகு கெடாது. வேஷத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியவில்லை.

தறியில் ஏறுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். தாமதம் பிறப்பது இங்கேதான். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தடவி, தேங்காயெண்ணெய் சேர்த்து, நார்த் தூரிகையால் இருபுறமும் நின்று நீவிக்கொண்டே போவார்கள். ஒரு நூல் இன்னொன்றோடு ஒட்டக்கூடாது. வெயில் ஏறிவிட்டால் நூல் முறுகிவிடும், மழை பெய்தாலோ வேலையே நடக்காது. ஜூனில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை மலையாளத்துக் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், விடாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்த மாதமே ஓணம். எல்லோரும் துணி கேட்கும் காலத்துக்குச் சற்று முன்புதான் பாவு விரிக்கத் தெரு கிடைக்காத காலம் வருகிறது. போதாததற்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேரள அரசு இலவசமாகத் தரும் கைத்தறிச் சீருடைத் துணிக்கும் 2017 முதல் தறிகள் வேண்டியிருக்கின்றன. நெசவாளருக்கு ஆண்டு முழுதும் கூலி தரும் நல்ல திட்டம் அது. ஆனால் தறியின் எண்ணிக்கை அதற்காகக் கூடிவிடவில்லை.

இந்த இடைவெளியில்தான் கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி நுழைகிறது. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறிக்கென்று மத்திய அரசு 2006-இல் தொடங்கிய முத்திரையும் உண்டு. வாங்கும்போது அதைக் கேளுங்கள். ஜரிகையையும் பாருங்கள். நல்ல கசவு நூல், வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி நூலின்மேல் சுற்றித் தங்கப் பூச்சுக் கொடுத்தது, பெரும்பாலும் சூரத்திலிருந்து வருவது. விலை குறைந்தது, செம்புக் கம்பியும் பாலியெஸ்டரும். மூன்று வயதுக் குழந்தையின் தோலை அது உறுத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. விழா மேடையில் குத்துவிளக்கு எரியும். பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கக்கூடியதே என்பதால் எந்த உடையானாலும் விளக்கருகே பிள்ளையைத் தனியே விடக்கூடாது. ஆனால் சின்னக் குழந்தைக்கு மினுமினுக்கும் ஆயத்த வேஷ உடையை வாங்கவே வேண்டாம் என்பேன்.

உடைக்காகத் துணியை வெட்டவும் தேவையில்லை. வாமனன் குள்ள வடிவில் வந்த பிரம்மச்சாரி. சிறிய முண்டைத் தாறு பாய்ச்சிக் கட்டி, பூணூல் மாட்டி, கையில் ஓலைக்குடையும் கமண்டலமும் கொடுத்தால் வேஷம் முடிந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலின் பேர்பெற்ற நிவேதனம் திருக்கைவெண்ணெய். அந்த ஊர்க் கண்ணன் என்றால் மஞ்சள் மேல்துணியும் மயிற்பீலியும் ஒரு சின்ன வெண்ணெய்க் கலயமும் சேர்த்துக்கொள்ளலாம், முண்டு அதே முண்டுதான். பெண் குழந்தைக்குக் கசவுப் பாவாடை தைத்தால் உள்ளே இரண்டு மூன்று டக் பிடிக்கச் சொல்லுங்கள். இடமாற்ற உத்தரவு வந்து அடுத்த முகாமுக்குப் போகும்போது பிள்ளை வளர்ந்திருப்பாள். ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடையும் இறங்கிக் கொடுக்கும்.

எளிய கரை வைத்த முண்டு சில நாளில் தறியிலிருந்து இறங்கிவிடும். வேலைப்பாடு கூடக்கூட வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் தையல், பார்சல், ரயில், முகாம் வாசல். ஆகவே முகாம்களில் இருக்கும் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்: அடுத்த ஓணத்துக்குப் பிள்ளை என்ன வேஷம் என்பதைச் சித்திரையிலேயே முடிவு செய்யுங்கள். மழை இறங்குமுன், வைகாசியில், ஊரிலிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ பாலராமபுரத்து நெசவுத் தெருவுக்கு அனுப்பி, நெய்கிறவரிடமே பேசி, முன்பணம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.