நடக்க வைக்க மட்டுமா பிசியோதெரபி?

"பிசியோதெரபி கொடுத்தால் மறுபடி ஓடியாடுவானா, டாக்டர்?" டுஷேன் தசைச் சிதைவு நோய் உள்ள சிறுவர்களின் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உருவாகாததால் தசைகள் மெல்ல மெல்ல அழியும் மரபணு நோய் இது. அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வரும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுவது ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. பத்து, பன்னிரண்டு வயதையொட்டிப் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். பிறகு மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

கடைசிக் காலத்துக்கானது அல்ல

இப்படிக் குணமாக்க முடியாத நோய்க்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) என்றதுமே 'கைவிட்டுவிட்டார்கள்' என்று வீடு கலங்கிப்போகிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை, நோய் கண்டறிந்த நாளிலேயே அது தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற மருத்துவமும் கூடவே நடக்கும். வலியில்லாமல் உட்கார, சாப்பிட, விளையாட, தூங்க வழிசெய்வதுதான் இதில் பிசியோதெரபியின் வேலை.

குதிகாலும் தூக்கமும்

இந்நோயில் கெண்டைக்கால் தசைநார் சீக்கிரமே இறுகிவிடும். பையன் நுனிக்காலில் நடப்பான். இறுக்கத்தைத் தளர்த்த, முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முன்கையால் தாங்கி, மெதுவாக மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். முப்பது விநாடி பிடித்திருந்தால் போதும். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழ அழ இழுப்பது சிகிச்சையே அல்ல.

'நன்றாகப் பயிற்சி செய்தால் தசை ஏறும்' என்று மாடிப்படி ஏற்றி இறக்கும் அப்பாக்கள் உண்டு. பாசம்தான், ஆனால் கேடு. அளவுமீறிய உழைப்பு, குறிப்பாகப் படியிறங்குவது, இந்தத் தசைகளை மேலும் சிதைக்கும்.

தானாகப் புரள முடியாத கட்டத்தில் இரவுதான் பெரிய பாடு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையும் முதுகுக்கு அணைவாகச் சுருட்டிய பழம்புடவையும் வைத்தால், குழந்தையும் தூங்கும், அம்மாவும் தூங்கலாம்.

சளியை வெளியேற்ற

இருமல் பலவீனமானால் சளி தேங்கி நிமோனியா வரலாம். இருமும் அதே நொடியில் வயிற்றை அழுத்தி உதவும் முறையை பிசியோதெரபிஸ்ட் நேரில் சொல்லித்தருவார். பார்த்துப் பழகாமல் செய்யக் கூடாது. இந்நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் பிள்ளைகளின் எலும்பு எளிதில் முறியும் என்பதால் முதுகில் ஓங்கித் தட்டுவதும் வேண்டாம்.

தமிழ்நாட்டில்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். வருபவரிடம், பிள்ளையைத் தூக்கும் முறையையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். தோள் தளர்ந்த பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கினால் கையிலிருந்து நழுவிவிடுவான். தூக்குபவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.