கற்பனைக் கடல்விமான மாதிரிகள்: தஞ்சாவூர் வெலிங்டனுக்கு மிதவை பொருத்தினால்

கற்பனைக் கடல்விமான மாதிரி என்பது, தரையிலிருந்து மட்டுமே பறந்த ஒரு போர்க்கால விமானம் நீரிலும் இறங்கி ஏறக்கூடியதாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படும் சிற்றளவு மாதிரியாகும். பிளாஸ்டிக் விமான மாதிரிகளைக் கட்டும் பொழுதுபோக்கில் இது ஒரு தனிக் கிளை. மேலோட்டமாகப் பார்த்தால் சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு படகுகளை ஒட்டும் விளையாட்டாகத் தோன்றும். உண்மையில் ஆர்க்கிமிடிஸ் விதி, ஈர்ப்பு மையம், அளவுவீதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைப்பது அரிது.

கடல்விமானங்கள் இரு வகைப்படும். உடலே படகின் வடிவில் அமைந்து நீரில் அமர்வது பறக்கும் படகு. வழக்கமான உடலுக்குக் கீழே தாங்கிகள் வைத்து மிதவைகள் பொருத்தப்பட்டது மிதவை விமானம். கற்பனை மாதிரிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே. ஏற்கெனவே உள்ள உடலை மாற்றாமல் செய்ய முடியும் என்பதே காரணம்.

உண்மையில் செய்யப்பட்டவை

கற்பனைக்குப் போகுமுன் வரலாற்றைப் பார்ப்பது நல்லது. இரண்டாம் உலகப்போரில் இப்படிப்பட்ட மாற்றங்கள் மெய்யாகவே செய்யப்பட்டன. விமானத்தளம் இல்லாத தீவுகளிலிருந்தும் போர் விமானங்களை இயக்க வேண்டும் என்ற தேவையே அதற்குக் காரணம்.

அதிக எண்ணிக்கையில் செய்தது ஜப்பான். புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்தின் அடியில் ஒரு பெரிய மிதவையும், இறக்கைகளின் அடியில் இரு சிறு மிதவைகளும் பொருத்தி நகாஜிமா நிறுவனம் 327 விமானங்களைக் கட்டியது. பிரிட்டன் ஸ்பிட்ஃபயரின் ஐந்தாம் வகைக்கு இரட்டை மிதவை பொருத்தி 1942 அக்டோபரில் பறக்கவிட்டது. அவ்வாறு மாற்றப்பட்ட மூன்று விமானங்கள் 1943இல் எகிப்துக்கு அனுப்பப்பட்டன. கிரேக்கத் தீவுகளில் பயன்படுத்துவதாகத் திட்டம். ஆனால் அதற்குள் அந்தத் தீவுகள் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டதால் அவை போரிடவே இல்லை. அமெரிக்காவின் வைல்ட்கேட் விமானமும் 1943இல் மிதவைகளுடன் சோதிக்கப்பட்டது. ஆனால் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துபோனது. தீவுகளில் விரைவாக ஓடுதளம் அமைக்கும் திறமை வந்துவிட்ட பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கவானிஷி நிறுவனம் மிதவைப் போர் விமானமாகவே வடிவமைத்த கியோஃபூ, பிறகு மிதவை நீக்கப்பட்டு ஷிடென் என்னும் தரை விமானமாயிற்று. அது ஜப்பானின் சிறந்த போர் விமானங்களில் ஒன்றாகவும் பெயர் பெற்றது. மிதவை என்பது எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு நீரில் இறங்கியவை

சென்னைக்கு வடமேற்கே உள்ள செங்குன்றம் ஏரி, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அதே ஏரிதான். அங்கிருந்து கேட்டலினா வகை விமானங்கள் வங்காள விரிகுடாவைச் சுற்றிக் காவல் பார்த்தன. இலங்கையின் தென்கோடியில் கொக்கல ஏரியிலும் இதே வகை விமானங்கள் நின்றன. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய கனடிய விமானி லியனார்ட் பர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி போன கையோடு அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் போர் முடியும்வரை கைதியாக இருந்தார்.

ஆகவே தமிழ் நிலத்தில் கடல்விமானம் என்பது வெறும் கற்பனையன்று. தஞ்சாவூரில் மட்டும்தான் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூரும் வெலிங்டனும்

தஞ்சாவூர் விமானத்தளம் இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட தளம். 2013இல் இந்திய விமானப்படையின் முழுமையான தளமாகத் திறக்கப்பட்ட அங்கே, 2020 ஜனவரி முதல் சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222ஆம் ஸ்குவாட்ரன் இயங்குகிறது. ஆனால் 1942இல் அங்கே இருந்தது வேறொரு ஸ்குவாட்ரன்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் இருந்த அணி. ஜப்பான் மலாயாவில் இறங்கியபோது அதனிடம் இருந்தவை துணி போர்த்திய, இரட்டையடுக்கு இறக்கை கொண்ட, காலம் கடந்துபோன வில்டபீஸ்ட் விமானங்கள். 1942 ஜனவரி 26 அன்று எண்டாவ் கரையில் பட்டப்பகலில் அவற்றை அனுப்பினார்கள். பலத்த இழப்பு. மிஞ்சியவர்கள் ஜாவாவுக்குப் போய் மார்ச் மாதத்தில் அங்கேயே முடிந்துபோனார்கள். அந்த எண் மீண்டும் உயிர் பெற்றது தஞ்சாவூரில், 1942 அக்டோபரில். இம்முறை விக்கர்ஸ் வெலிங்டன் விமானங்கள். கப்பல் அணிகளுக்குக் காவல், நீர்மூழ்கிகளைத் தேடுதல் ஆகியவை அதன் பணிகள். 1943 ஜூனில் அது வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதப்பட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இந்த எட்டு மாதங்களைப் பற்றி எழுதப்படவில்லை.

கடலுக்கு மேல் மணிக்கணக்கில் பறந்த அந்த வெலிங்டன்கள் சக்கரம் கொண்டவை. எந்திரம் நின்றால் இறங்க இடமில்லை. மிதவை இருந்திருந்தால்? மாதிரி செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அழகுக்காக மட்டும் ஒட்டிய மிதவைக்கும் ஒரு தேவைக்காக வைத்த மிதவைக்கும் உள்ள வேறுபாடு, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு

முழுச் சுமையுடன் வெலிங்டனின் எடை சுமார் 13 டன். இரட்டை மிதவை விமானங்களுக்கு உள்ள பொது விதி, இரு மிதவைகளும் சேர்ந்து விமானத்தின் எடையைப்போல் 1.8 மடங்கு எடையைத் தாங்க வேண்டும் என்பதாகும். ஒரு மிதவையில் ஓட்டை விழுந்தாலும், அலையில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் மூழ்காதிருக்கவே இந்தக் கூடுதல். அப்படியானால் தேவை 23.4 டன். நன்னீரில் ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாங்கும் என்பதால், ஒவ்வொரு மிதவையின் கொள்ளளவும் 11.7 கன மீட்டர். சுமார் 12 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்து, முனைகள் கூம்பிப்போவதற்காகப் பாதியளவு கழித்தால் ஏறத்தாழ இந்த அளவு வரும்.

இப்போது 1:72 அளவுக்கு வருவோம். 12 மீட்டர் மிதவை 16.7 சென்டிமீட்டராகச் சுருங்கும். விமானத்தின் உடல் நீளம் 27 சென்டிமீட்டர், இறக்கை விரிவு 36 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் கொள்ளளவு 72 மடங்கு சுருங்குவதில்லை. 72-ஐ மும்முறை பெருக்கி வரும் 3,73,248 மடங்கு சுருங்கும். மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரு மிதவைக்கு 31 கன சென்டிமீட்டர்தான் கிடைக்கும். ஆகவே மாதிரியின் மொத்த எடை 62 கிராமைத் தாண்டினால் அது குளத்தில் மூழ்கிவிடும். சரியான நீர்மட்டத்தில் மிதக்க வேண்டுமானால் 35 கிராமுக்குள் நிற்க வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் மிகவும் கடினம்.

மிதவையின் அடியில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகம் கூடும்போது தண்ணீர் அடிப்பரப்பை விடாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை உடைப்பது இந்தப் படிதான். அது விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்துவிட்ட மாதிரிகளைப் படங்களில் நிறையக் காணலாம். அப்படி ஒரு விமானம் மேலே எழும்பவே முடியாது. இன்னொன்று, மிதவைகள் முன்பக்கம் நீண்டிருப்பதால் விமானம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதனால் ஸ்பிட்ஃபயருக்கும் வைல்ட்கேட்டுக்கும் வாலடியில் கூடுதல் துடுப்பு வைத்தார்கள். வெலிங்டனுக்கும் அது வேண்டும்.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு மிதவை நடைமுறையில் முடியுமா என்றால் முடியும். ஏறத்தாழ அதே எடைப் பிரிவைச் சேர்ந்த டகோட்டா விமானத்துக்கு அமெரிக்காவின் எடோ நிறுவனம் மிதவை செய்து கொடுத்தது. 10 டன்னுக்கு மேல் எடைகொண்ட ஜெர்மனியின் ஹைன்கல் 115 தொடக்கத்திலிருந்தே மிதவை விமானம். தாங்கிகளின் அமைப்பைப் பார்த்துக்கொள்ள அதன் படங்களே போதும். வெலிங்டனுக்கே, காந்தக் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்வதற்காக 15 மீட்டர் அளவு விட்டமுள்ள ஒரு வளையத்தைச் சுற்றிப் பொருத்தி 1940இல் பறக்கவிட்டார்கள். அந்த உண்மைக்கு முன்னால் நம் கற்பனை அடக்கமானதே.

நெட்டியில் மிதவை

வெலிங்டனின் உடலுக்கு ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் கிடைக்கின்றன. மிதவையை நாமே செய்ய வேண்டும். இங்கே தஞ்சைக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

ஏரிகளிலும் சதுப்பிலும் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டுச் சோற்றில் பெரிய கோயிலின் சிற்றளவு வடிவங்களைச் செய்வது தஞ்சாவூரின் பழைய கைவினை. அதற்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் போடும் நெட்டி மாலையும் இதே செடிதான். மீன் வலைக்குத் தக்கையாகவும் பயன்பட்ட பொருள் என்பதால், மிதவைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? மிகவும் இலேசானது, கூரிய கத்திக்குப் பணியும். ஒரே குறை, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே செதுக்கி முடித்ததும் மெல்லிய காகிதத்தை வெள்ளைப் பசையால் ஒட்டி, உலர்ந்தபின் வார்னிஷ் இரண்டு பூச்சு தர வேண்டும். தண்டு குறுகலாக இருந்தால் பல துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செதுக்கலாம். தெர்மக்கோலில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்பிரே பெயின்ட் பட்டால் அது கரைந்துவிடும்.

தாங்கிகளுக்குப் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி நல்லது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் 1:72 அளவில் 14 சென்டிமீட்டர் குழாயாகக் கணக்காகும். இவ்வளவு பெரிய விமானத்துக்கு அது நம்பத்தக்க தடிமன். ஆனால் கம்பி கனமானது. மிதக்கவிடும் மாதிரிக்கு மூங்கில் குச்சியே சரி.

எங்கே நிறுத்துவது?

காட்சிக்கு வைக்கும் மாதிரிக்கு ஒரு தளமும் வேண்டும். காவிரியில் நிறுத்திக் காட்ட ஆசை வரும். ஆனால் ஆற்றில் ஆண்டில் பல மாதம் மணல்தான் தெரியும், தண்ணீர் வந்தாலும் மணல்திட்டுகள் இடம் மாறும். மேட்டூர் அணை திறக்கும் நாளை எதிர்பார்த்து எந்த விமானப்படையும் காத்திருக்காது. முத்துப்பேட்டைக் காயல் ஆழமற்றது. டெல்டாவை ஒட்டி ஒரே இடம் சொல்வதென்றால், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வீராணம் ஏரிதான். செங்குன்றத்தைப் போலவே நன்னீர் என்பதால் அலுமினியம் அரிக்காது. அதிலும் கோடையில் ஏரி வற்றும் என்பதால், காட்சியை வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில், சம்பா அறுவடைக் காலத்தில் அமைப்பதே பொருந்தும். 36ஆம் ஸ்குவாட்ரன் தஞ்சையில் இருந்த காலமும் அதற்கு ஒத்துப்போகிறது.

நன்றாக முடித்த மாதிரியை வயல்வெளிப் பின்னணியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால், 1943இல் எடுத்த படம் என்று யாரும் நம்புவார்கள். அப்படிப்பட்ட படங்கள் விளக்கவரி இல்லாமல் கைமாறி, வரலாற்றுக் கட்டுரைகளுக்குள்ளேயே நுழைந்துவிடும் ஆபத்து உண்டு. 36ஆம் ஸ்குவாட்ரனின் மெய்யான கதையே அதிகம் பேர் அறியாதது என்னும்போது, பொய்க் கதை எளிதாக அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 'கற்பனை மாதிரி' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் தளப் பலகையில் மட்டுமல்லாமல், படத்திலும் தெரியும்படி மிதவையின் பக்கவாட்டிலேயே எழுதுவது முறை. உண்மையான விமானங்களில் மிதவையின் பக்கத்தில் எச்சரிக்கைக் குறிகள் எழுதுவது வழக்கம் என்பதால், சிறிய எழுத்தில் அது உறுத்தாது.