கடை இலக்கத்துக்கு வரும் அழைப்பை வேறு போனுக்குத் திருப்பிவிடுதல்

காலபோக விதைப்புத் தொடங்கினால் லான்ட்மாஸ்டர் வைத்திருப்பவரின் கைத்தொலைபேசிக்கு விடியற்காலையிலிருந்தே அழைப்பு வரும். அவரோ இரணைமடுவின் கீழ் ஏதாவது ஒரு வயலில் நிற்பார். இயந்திரச் சத்தத்தில் மணி கேட்காது. அல்லது போன் சந்திக் கடையில் சார்ஜில் கிடக்கும். இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்த்தவர் பிறகு அடுத்த ஊர்க்காரருக்கு எடுப்பார். அன்றைய உழவு அங்கே போய்விடும்.

மேசன் வேலை, தையல், மீன் வியாபாரம், ஓட்டோ, கோழி வளர்ப்பு என்று மீளக்குடியமர்ந்த பின் தொழில் தொடங்கிய பலருக்கும் இதே நிலைமைதான். பெயர்ப்பலகையில் இலக்கம் இருக்கிறது, கடை மதிலிலும் எழுதியிருக்கிறது, ஆனால் தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க ஆள் இல்லை. ஏ-9 வீதியோரம் இருக்கும் சிக்னல் உள்ளே போகப் போகக் குறைந்துவிடுகிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வள்ளம் சற்று வெளியே போனால் போன் வெறும் மணிக்கூடுதான்.

உங்கள் போன் எடுபடாத நேரத்தில் அந்த அழைப்பை மனைவியின், கணவரின், மகனின் போனுக்குத் தானாகப் போகச் செய்யலாம். இதை 'கோல் டைவேர்ட்' என்று கடைகளில் சொல்வார்கள். புதுப் போன் தேவையில்லை. மிகச் சாதாரண பட்டன் போனிலும் இது இருக்கிறது.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு உங்கள் போனுக்குள் பதிவாவதில்லை. தொலைபேசிக் கம்பனியின் கணினியில், உங்கள் இலக்கத்துக்கு எதிரே பதிவாகிறது. அதனால்தான் பற்றரி இறங்கி போன் செத்துக் கிடந்தாலும் அழைப்பு மற்ற இலக்கத்துக்குப் போகிறது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் ஏற்பாடு மாறாது. ஆனால் பதிவு செய்யும்போது மட்டும் போன் இயங்க வேண்டும், சிக்னலும் இருக்க வேண்டும். வயலுக்குப் போன பிறகு நினைத்துப் பயனில்லை. வீட்டிலிருந்து இறங்கும் முன்னரே செய்துவிட வேண்டும்.

எப்போது திருப்புவது?

நான்கு விதமாகத் திருப்பலாம். எங்கள் களப் பயணங்களில் பார்த்த அளவில் பெரும்பாலானோருக்குப் பொருத்தமானது, போன் நிறுத்தப்பட்டிருக்கும்போதோ சிக்னல் இல்லாதபோதோ மட்டும் திருப்புவது. போன் இயங்கினால் அழைப்பு வழமைபோல உங்களுக்கே வரும், இயங்காவிட்டால் மற்றவருக்குப் போகும். இதற்கு, அழைப்பு எடுக்கும் இடத்தில் இப்படி அழுத்துங்கள்:

**62*மற்றவரின் இலக்கம்#

பின்னர் அழைக்கும் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். மற்றவரின் இலக்கத்தை 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்களாக முழுமையாக எழுதுங்கள். சில விநாடிகளில் ஏற்பாடு பதிவாகிவிட்டதாகத் திரையில் ஒரு வசனம் வரும். பிழை என்று வந்தால் அநேகமாக நட்சத்திரக் குறி ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது கடைசியிலுள்ள # குறியை மறந்திருப்பீர்கள். இரண்டும் சரியாக இருந்தும் வராவிட்டால் உங்கள் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, இந்தச் சேவையை இயக்கித் தரும்படி கேளுங்கள். சில சிம்களில் அவர்கள்தான் முதலில் திறந்துவிட வேண்டும்.

மணி அடித்தும் எடுக்க முடியாதவருக்கு, அதாவது சத்தத்தில் நிற்பவருக்கு, 62 என்ற இடத்தில் 61 வரும். எத்தனை விநாடி அடித்த பின் திரும்ப வேண்டும் என்பதையும் 5 முதல் 30 வரை ஐந்து ஐந்தாகச் சொல்லலாம். இருபது விநாடி என்றால் **61*மற்றவரின் இலக்கம்**20# என்று அழுத்த வேண்டும். பத்து விநாடிக்குக் குறைத்து வைக்காதீர்கள். காற்சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் அழைப்பு போய்விடும்.

நீங்கள் இன்னொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது திருப்ப 67. இந்த மூன்றையும் ஒரே தடவையில் பதிய விரும்பினால் **004*மற்றவரின் இலக்கம்# போதும்.

நான்காவது 21. இது எல்லா அழைப்பையும், எப்போதும், நேராக மற்ற போனுக்கு அனுப்பும். உங்கள் போன் கையிலேயே இருந்தாலும் மணி அடிக்காது. வைத்தியசாலையில் தங்க வேண்டிவந்தால், அல்லது சில நாட்கள் வெளியூர் போனால் இது உதவும். மற்றப்படி வேண்டாம். கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது என் போனை இப்படித் திருப்பிவிட்டு, திரும்பி வந்தும் எடுத்துவிட மறந்துபோனேன். மூன்று நாட்களாக அம்மா எடுத்த அழைப்புகளெல்லாம் என் சக உத்தியோகத்தருக்குப் போயிருக்கின்றன. அம்மாவுக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை, அவருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டில் இருவரும் தொழில் செய்பவர்களாக இருந்தால் ஒருவர் போனை மற்றவருக்கும், மற்றவர் போனை இவருக்கும் 62 ஆல் திருப்பி வைக்கலாம். ஆனால் இருவரும் 21 ஆல் திருப்பினால் அழைப்பு அங்குமிங்கும் சுற்றி அறுந்துபோகும். ஒருவருக்கும் கிடைக்காது.

ஏற்பாட்டை நீக்க ## போட வேண்டும். ##62# என்றால் அந்த ஒன்று மட்டும் நீங்கும். ##002# என்றால் எல்லாமே நீங்கும். எந்த இலக்கத்துக்குத் திருப்பியிருக்கிறது என்று பார்க்க *#62#, *#61#, *#67#, *#21#. இந்தக் குறியீடுகள் 07 இலக்கக் கைத்தொலைபேசிகளுக்குரியவை. 021, 024 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசிகளுக்கு முறை வேறு. அவற்றுக்கு அந்தந்தக் கம்பனியிடம் கேட்டே செய்யுங்கள்.

காசு யாருடையது?

உங்களுக்கு எடுப்பவர், உங்கள் இலக்கத்துக்கு எடுத்ததற்கான காசை மட்டும் கட்டுகிறார். உங்கள் இலக்கத்திலிருந்து மற்ற இலக்கத்துக்குப் போகும் பகுதி நீங்கள் எடுத்த அழைப்பாகக் கணக்கிடப்பட்டு உங்கள் சிம்மிலிருந்து கழிகிறது. மற்றவர் எடுத்துப் பேசினால்தான் கழியும். மணி மட்டும் அடித்து நின்றால் கழியாது. ஆகவே மிஸ் கோல் தரும் வாடிக்கையாளரால் உங்களுக்கு நட்டமில்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். உங்கள் சிம்மில் ரீலோட் இல்லாவிட்டால் அழைப்பு திரும்பாது. போன் நிறுத்தியிருந்தாலும் சிம்மில் காசு இருக்க வேண்டும். அடுத்தது, இரண்டு இலக்கங்களும் ஒரே கம்பனியாக இருந்தால் பொதுவாகச் செலவு குறையும். வெளிநாட்டு இலக்கத்துக்கு ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணம் உங்களிடமே அறவிடப்படும். கனடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ உறவினர் எடுத்து, அழைப்பு மனைவியின் போனுக்குத் திரும்பியிருந்தால், ஒரு நிமிடத்தில் மனைவியின் இலக்கத்தைச் சொல்லி நேரே அதற்கு எடுக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் பேசினால் உங்கள் ரீலோட்தான் கரையும்.

எஸ்.எம்.எஸ். இவ்வாறு திரும்புவதில்லை. வங்கியிலிருந்து வரும் தகவல், போன் வழியாக அனுப்பப்படும் பணம் பற்றிய செய்தி, மானியத்துக்குப் பதிந்தால் வரும் செய்தி எல்லாம் பழைய சிம்முக்கே வரும். போன் பல நாட்கள் இயங்காமல் இருந்தால் காத்திருக்கும் செய்திகளும் அழிந்துவிடும்.

எடுப்பவர் யார்?

குறியீட்டை அழுத்துவது ஒரு நிமிட வேலை. யாருடைய போனுக்குத் திருப்புவது என்பதில்தான் வியாபாரம் நிற்கிறது. மரக்கறிக்கும் நெல்லுக்கும் தம்புள்ளை, கொழும்புப் பக்கத்திலிருந்து எடுப்பவர்கள் பலர் சிங்களத்தில் பேசுவார்கள். வீட்டில் ஓரளவு சிங்களம் தெரிந்தவர் இருந்தால் அவருடைய போனே நல்லது. எடுப்பவர் "ஹலோ" என்று மட்டும் சொல்லாமல் கடையின் அல்லது தொழில் செய்பவரின் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிழையான இலக்கம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஒரு கொப்பியில் பெயர், ஊர், என்ன வேலை, எப்போது தேவை, திரும்ப எடுக்க வேண்டிய இலக்கம் ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். விலையைச் சொல்லும் பொறுப்பை எடுப்பவருக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதில் வீட்டுக்குள் வந்த சண்டைகளையும் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

பழைய இலக்கம்

வேறு ஊர்களில் கடை இலக்கம் கடைக்கு மட்டும்தான். வன்னியில் அப்படியில்லை. மெனிக் பாமில் இருந்தபோதோ வவுனியாவில் உறவினர் வீட்டில் இருந்தபோதோ எடுத்த சிம்தான் இன்று பலருக்குக் கடை இலக்கமும். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டு கடைசிக் குடும்பங்களும் வெளியேறும்வரை, அந்த இலக்கத்தை எத்தனை படிவங்களில் எழுதியிருப்பீர்கள்? கிராம அலுவலரிடம், கச்சேரியில், மனித உரிமைகள் ஆணைக்குழுவில், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தில். காணாமற்போன பிள்ளையைப் பற்றி, கணவரைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எடுக்கச் சொல்லிக் கொடுத்த இலக்கமும் அதுவே. யாருக்கோ மனப்பாடமாகத் தெரிந்திருக்கக்கூடிய இலக்கமும் அதுவே.

ஊரில் வேறு கம்பனியின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் புதுச் சிம் எடுத்து, பழையதை எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். பழைய சிம்மைப் போட்டு, சிக்னல் உள்ள இடத்தில் நின்று, **21*புதிய இலக்கம்# என்று பதிந்துவிட்டுச் சிம்மைக் கழற்றிப் பத்திரமாக வைக்கலாம். 21 ஐப் பயன்படுத்தச் சரியான இடம் இதுதான். பழைய இலக்கத்துக்கு யார் எடுத்தாலும் புதிய போனில் மணி அடிக்கும். ஆனால் நீண்ட காலம் ரீலோட் செய்யாத இலக்கத்தைக் கம்பனி நிறுத்திவிட்டு, பின்னர் வேறொருவருக்கு விற்கலாம். எத்தனை நாட்களில் நிறுத்துவார்கள் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு சிம் போடும் போன் கையில் இருந்தால் இந்த வேலையே இல்லை, இரண்டையும் அதிலேயே வைத்திருக்கலாம்.

அந்தச் சிம் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்த நாட்களில் பலர் வேறொருவரின் பெயரில் சிம் எடுத்தார்கள். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை மீளப் பெற, பதிந்தவரின் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ? புதிய அடையாள அட்டை கிடைத்ததும் இருவருமாகக் கம்பனியின் கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

காணாமற்போனவரைப் பற்றித் தகவல் தருவதாகச் சொல்லி யாராவது எடுத்துப் பணம் கேட்டால், அழைப்பை எடுப்பவர் ஒன்றும் ஒத்துக்கொள்ள வேண்டாம். இலக்கத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிவிட்டு, வீட்டுக்காரர் திரும்ப எடுப்பார் என்று சொன்னால் போதும். ரீலோட் அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர்களுக்கும் இதே பதில். நம்பிக்கையோடு காத்திருக்கும் குடும்பங்களைக் குறிவைத்தே இப்படி எடுக்கிறார்கள். இந்த நிலைமையை உங்கள் போனுக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தி வையுங்கள்.

உங்கள் போனை ஒரு நிமிடம் கையில் வைத்திருக்கும் எவராலும் உங்கள் அழைப்புகளைத் தன் இலக்கத்துக்குத் திருப்ப முடியும். போன் பூட்டு இல்லாமல் சார்ஜ் கடையிலும் திருத்தும் கடையிலும் மணித்தியாலக் கணக்கில் கிடக்கிறது. யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. திருப்பி வாங்கியதும் *#21# அழுத்திப் பாருங்கள். நீங்கள் போடாத இலக்கம் ஒன்று வந்தால் ##002# அழுத்தி எல்லாவற்றையும் நீக்கி, உங்களுடையதைப் புதிதாகப் பதியுங்கள். தெரியாத ஒருவர் எடுத்து "ஒரு குறியீட்டை அழுத்துங்கள், பரிசு விழுந்திருக்கிறது" என்று சொல்லி **21* இல் தொடங்கும் ஒன்றைத் தந்தால், அவர் உங்கள் அழைப்புகளைக் கேட்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

பதிந்து முடிந்ததும் உங்கள் போனை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டாரின் போனிலிருந்து உங்கள் இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள். மற்றப் போனில் மணி அடிக்க வேண்டும். பழைய சிம்மை அடையாள அட்டைப் பிரதியுடன் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கடைசியாக ரீலோட் செய்த திகதியை மேலே எழுதுங்கள். அடுத்த ரீலோட்டுக்குரிய நாளைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.