நீல உதடுகள் சிவந்த கதை

குழந்தைகளே! விளையாட்டு பீரியடில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்து கபடிக்குத் தயாராகி நிற்பீர்கள்!

ஆனால், பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய உதடு, நாக்கு, நகம் எல்லாம் நாவல்பழம் தின்றதுபோல நீலமாக இருக்கும். நடந்துகொண்டே இருப்பார்கள், திடீரென்று குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து நடப்பார்கள். இப்படி உட்காரும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்!

உதடு ஏன் நீலமாகிறது? அவர்களைச் சுற்றிலும் நம்மைப் போலவே காற்று இருக்கிறது. நுரையீரலும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு குறை எங்கே? அதைக் கண்டறிந்து, சரிசெய்யவும் வழி கண்ட மூன்று பேரின் கதையை இந்த வாரம் பார்ப்போம். அதற்கு முன் இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு அறை வீடு

உங்கள் கையை இறுக்கி மூடுங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான் உங்கள் இதயம். அதற்குள் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச்சுவர் உண்டு.

உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் ரத்தம் வலப்பக்க அறைகளுக்கு வருகிறது. வழியெல்லாம் ஆக்சிஜனைக் (பிராணவாயுவை) கொடுத்துவிட்டு வருவதால் அது கருஞ்சிவப்பாக இருக்கும். இதயத்தின் வலது கீழ் அறை அதை நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே நாம் இழுத்த மூச்சுக்காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் இடப்பக்க அறைகளுக்குத் திரும்புகிறது. இடது கீழ் அறை அதைப் பெருந்தமனி வழியாக உடம்பெங்கும் அனுப்புகிறது.

ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது யார்? ரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். நான்கு பேர் உட்காரும் ஆட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆட்டோ ஓட்டுவது இதயத்தின் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடித்து, இந்த ஓட்டத்தை நிற்காமல் நடத்துகிறது. மூளைக்கு ஆக்சிஜன் சில நிமிடங்கள் கிடைக்காவிட்டாலும் ஆபத்து. அதனால்தான் இதயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை!

மடை அடைத்தால்...

இப்போது நீலக் குழந்தைகளின் இதயத்துக்கு வருவோம். பிறக்கும்போதே அவர்களின் இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து இருக்கும். பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் ஃபாலோ என்ற மருத்துவர் 1888-ல் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். அதனால் இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வாய்க்காலில் ஒரு பக்கம் மடை குறுகிப்போய், பக்கத்து வரப்பிலும் ஓட்டை விழுந்தால் தண்ணீர் எங்கே போகும்? ஓட்டை வழியாக அடுத்த வயலுக்குத்தானே ஓடும்! இந்த இதயத்திலும் அதுதான் நடக்கிறது.

ஒன்று, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். இரண்டு, கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருக்கும். மூன்று, பெருந்தமனியின் வாய் அந்த ஓட்டைக்கு மேலேயே அமைந்திருக்கும். நான்கு, குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, வலது கீழ் அறையின் தசை தடித்துப்போயிருக்கும்.

ஆகவே, நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி அங்கே போகாமலே ஓட்டை வழியாகப் பெருந்தமனிக்குள் புகுந்துவிடுகிறது. ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளாத ரத்தம்! காலி ஆட்டோ! எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்தாலும் பயன் குறைவுதான். காற்று நுரையீரலில் காத்திருக்கிறது. ஏற்றிக்கொண்டு போக ரத்தம் அங்கே போதுமான அளவு வரவில்லை. அந்தக் கருஞ்சிவப்பு ரத்தம்தான் உதட்டுத் தோலுக்கு அடியில் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

குந்தி உட்காருவது ஏன் என்று இப்போது சொல்லலாம். குந்தும்போது கால்கள் மடங்கி, அவற்றுக்குப் போகும் தமனிகள் நெருக்கப்படுகின்றன. உடம்புப் பக்கம் போகும் வழியில் தடை கூடுகிறது. ஒரு மடையில் தடை வந்தால் தண்ணீர் அடுத்த மடைக்குத் திரும்பும் இல்லையா? அதுபோல இன்னும் கொஞ்சம் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. மூச்சுத் திணறல் தணிகிறது. பாடப்புத்தகம் படிக்காத மூன்று வயதுப் பிள்ளையின் உடம்புக்கு இது தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

விரல்களால் கேட்ட டாக்டர்

அமெரிக்காவில் 1898-ல் பிறந்தவர் ஹெலன் டாஸிக். சிறுமியாக இருந்தபோது அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. டிஸ்லெக்சியா என்ற குறைபாடு இருந்தது. டாக்டராக ஆசைப்பட்டார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலோ அப்போது பெண்களுக்குப் பட்டம் தரமாட்டார்கள். மனம் தளராமல் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927-ல் டாக்டரானார்.

பிறகு இன்னொரு சோதனை. காது கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. இதய டாக்டருக்குக் காதுதானே முக்கியம்? டாஸிக் என்ன செய்தார் தெரியுமா? குழந்தையின் மார்பில் விரல்களை மெதுவாக வைத்து, இதயத்தின் அதிர்வை விரல்களாலேயே படிக்கக் கற்றுக்கொண்டார்!

அவரிடம் நீலக் குழந்தைகள் நிறையப் பேர் வந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியமே கிடையாது. பல குழந்தைகள் வளர்வதற்கு முன்பே இறந்துபோனார்கள். டாஸிக் ஒவ்வொரு குழந்தையையும் கவனித்து வந்தார். அப்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. ஆக்சிஜன் தாயிடமிருந்தே வந்துவிடும். அதனால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சின்னக் குறுக்குக் குழாய் அப்போது திறந்திருக்கும். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். நமக்கெல்லாம் அப்படித்தான் மூடியது. ஆனால், இந்தக் குழாய் மூடாமல் இருந்த நீலக் குழந்தைகள் ஓரளவு தேறி இருந்தார்கள். மூடியதும் நிலைமை மோசமானது!

டாஸிக் யோசித்தார். குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனியின் ரத்தம் மறுபடி நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் வாங்கிவருகிறது. அப்படியானால் மூடிய குழாய்க்குப் பதில் நாமே ஒரு புதுக் குழாய் அமைத்தால் என்ன? பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1938-ல், தானாக மூடாத இந்தக் குழாயை ஒரு சிறுமிக்கு மூடிக் காட்டியிருந்தார். டாஸிக் அவரிடம் போய்க் கேட்டார். அவர் ஆர்வம் காட்டவில்லை.

தச்சரின் கைகள்

ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1941-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார். அவருடன் வந்தவர் விவியன் தாமஸ். டாஸிக்கின் கேள்வி இந்த இருவரிடம் வந்து சேர்ந்தது.

தாமஸ் 1910-ல் பிறந்த கறுப்பின இளைஞர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். தாமஸுக்கு டாக்டராக வேண்டும் என்று கொள்ளை ஆசை. தச்சு வேலை செய்து கல்லூரிக்குப் பணம் சேர்த்தார். நாட்டில் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 1930-ல் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு வங்கியும் மூழ்கியது. சேமிப்பு அத்தனையும் போய்விட்டது. 1930-ல் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்ததோ ஆராய்ச்சி வேலை. கணக்கில் அவருக்குக் கொடுத்த பதவியோ துப்புரவுப் பணியாளர்! கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த காலம் அது.

டாஸிக்கின் யோசனை நடக்குமா என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் நாய்களிடம் சோதனை செய்தார். வைக்கோல் தடிமன் உள்ள ரத்தக்குழாய்களைக் கசியாமல் தைக்க வேண்டும். பொருத்தமான ஊசிகள் இல்லாததால் அவற்றையும் அவரே திருத்தி அமைத்தார். தச்சுப் பட்டறையில் பழகிய கை அல்லவா! நீண்ட நாள் பிழைத்த முதல் நாயின் பெயர் அன்னா. அந்த நாயின் ஓவியம் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாட்டிவைக்கப்பட்டது.

1944 நவம்பர் 29

அன்று அறுவை மேசையில் இருந்தவள் 15 மாதப் பெண் குழந்தை. எடை ஐந்து கிலோகூட இல்லை. உடம்பெல்லாம் நீலம்.

பிளேலாக் கத்தியை எடுத்தார். ஆனால் இந்தத் தையலை அதிகம் செய்து பழகியவர் தாமஸ்தான். எனவே பிளேலாக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் ஏறி நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்து ஒவ்வொரு படியிலும் யோசனை சொன்னார் தாமஸ். கைக்குப் போகும் ஒரு தமனியை வெட்டித் திருப்பி, நுரையீரல் தமனியோடு தைத்தார்கள். குறுகிய மடைக்குப் பக்கத்தில் புதுக் கிளை வாய்க்கால் வெட்டியாகிவிட்டது! கைக்கு வேறு சிறு குழாய்கள் வழியாக ரத்தம் போய்விடும்.

குழந்தை தேறினாள், வீட்டுக்கும் போனாள். ஆனால் சில மாதங்களில் மறுபடி நோய் முற்றி, இறந்துவிட்டாள். மூவருக்கும் அது பெரிய வேதனை. ஆனாலும் வழி சரியானது என்பதை அந்தச் சின்னஞ்சிறு பெண்தான் உலகுக்குக் காட்டினாள்.

1945 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இதே சிகிச்சை நடந்தது. தைத்து முடித்து, ரத்தக்குழாயைப் பிடித்திருந்த இடுக்கியை எடுத்தார்கள். புது வழியில் ரத்தம் பாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய நீல உதடுகள் சிவந்தன! நடக்கவே முடியாதிருந்த பையன் பின்னர் எழுந்து நடந்தான். சேதி பரவியதும் பல நாடுகளிலிருந்து பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே இந்தச் சிகிச்சை நடந்தது.

சிகிச்சைக்கு 'பிளேலாக்-டாஸிக்' என்று பெயர் வந்தது. தாமஸின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவரிடம் கைத்தொழில் கற்ற இளம் டாக்டர்கள் அவரை மறக்கவில்லை. 1971-ல் அவருடைய ஓவியத்தை வரையச் செய்து அங்கே வைத்தார்கள். 1976-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இப்போது 'பிளேலாக்-தாமஸ்-டாஸிக்' என்று மூன்று பேரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இன்று என்ன நிலை?

கிளை வாய்க்கால் வெட்டினால் போதுமா, மடையையும் வரப்பையும் சரிசெய்ய வேண்டாமா? 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லெஹை என்ற டாக்டர் இதயத்தையே திறந்து, ஓட்டையை அடைத்து, குறுகிய வழியையும் அகலப்படுத்தினார். இப்போது பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் இந்த முழுச் சிகிச்சையைச் செய்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து, பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய் வாழ்கிறார்கள்.

நம் நாட்டில் 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கிறார்கள். பிறவி இதய நோயும் அவர்கள் தேடும் குறைகளில் ஒன்று. அவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது கூச்சப்பட்டு ஓடாதீர்கள்!

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ யாராவது கொஞ்சம் ஓடினாலே மிகவும் திணறுகிறார்களா? உதடும் நகமும் நீலமாகின்றனவா? "சோம்பேறி", "நோஞ்சான்" என்று கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ உடனே சொல்லுங்கள். மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு நீலம் தோலில் எளிதாகத் தெரியாது. நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும்தான் தெரியும். குளிரில் நடுங்கும்போது உதடு நீலமாவதும், ஓடிக் களைத்து உட்காருவதும் நோய் அல்ல. அதற்காகப் பயப்பட வேண்டாம். கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. கவனித்துச் சொல்வது நம் வேலை. டாஸிக் தொடங்கியதும் அப்படிக் கவனித்துத்தானே?

தெரிந்துகொள்ளுங்கள்

* தோலுக்கு வெளியே தெரியும் நரம்புபோன்ற சிரைகள் நீலமாக இருந்தாலும், உள்ளே ஓடும் ரத்தம் சிவப்புதான்!

* தன் அறைகள் வழியாக இவ்வளவு ரத்தம் ஓடினாலும், இதயத் தசை தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் அதிலிருந்து எடுப்பதில்லை. அதன் மேல் படர்ந்துள்ள தனித் தமனிகள் மூலமே பெறுகிறது. பெரியவர்களுக்கு அந்தத் தமனி அடைத்துக்கொண்டால் வருவதுதான் மாரடைப்பு.

* விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதன் அடிப்படையை 1970-களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடந்து வருவதை வைத்து அது கணக்கிடுகிறது.

செய்து பாருங்கள்

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். அரை நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு 20 முறை குதித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது? தசைகள் கூடுதலாக ஆக்சிஜன் கேட்டதும், இதயம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடும் வேகம் அது!