யூபிஎஸ் கத்தினால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே ஒரு யூபிஎஸ் பெட்டியும் வீட்டுக்கு வந்துவிடும். பிளக்கைச் சொருகி மேசைக்கு அடியில் தள்ளுவோம். அத்துடன் மறந்துவிடுவோம். சாப்ட்வேர் இன்ஜினியரான நானும் அப்படித்தான் இருந்தேன், காஞ்சிபுரத்தில் என் மாமாவின் டிசைன் பைல் போகும் வரை.

மாமா வீடு பிள்ளையார்பாளையத்தில். பட்டுச்சேலைக் கரைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவார். இப்போது அதையே கம்ப்யூட்டரில் செய்கிறார். ஒரு கட்டம் தவறினால் சேலையில் ஓர் இழை தவறும். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை வீதம் துளையிட்டு, ஜக்கார்டு பெட்டியில் கோத்தால்தான் தறி ஓடும். அட்டை வரவில்லை என்றால் தறி சும்மா நிற்கும். நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில்தானே!

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு மதியம், மயில் சக்கரக் கரை ஒன்றைப் பாதிக்கு மேல் முடித்துவிட்டு மாமா சாப்பிடப் போனார். கரண்ட் போனது. யூபிஎஸ் தன் கடமையைச் செய்தது. கத்தியது, கத்தியது, பிறகு அடங்கியது. அத்தை சொன்னார்: "ஏதோ கூவிக்கிட்டே இருந்துச்சுப்பா. பக்கத்து வீட்டு போன்னு நெனச்சேன்." காலையிலிருந்து செய்த வேலை போனது. அது ஒரு கல்யாணச் சேலை. அட்டை அடிப்பவர் மறுநாள் காலை வாசலில் நின்றார்.

2012-இல் நான் பள்ளி மாணவன். அப்போது சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. ஆனால் கரண்ட் எப்போது போகும் என்று ஓரளவு தெரியும் என்பதால் மாமா முன்கூட்டியே சேவ் செய்துவிடுவார். இன்று சொல்லாமல் போகிற பத்து நிமிட மின்தடைதான் ஆபத்து.

சரி, விஷயத்துக்கு வருவோம். 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. கம்ப்யூட்டரும் மானிட்டரும் 120 வாட் எடுத்தால் 40 நிமிடம் வர வேண்டுமே என்று தோன்றும். வராது! அந்த 7 என்பது இருபது மணி நேரம் மெதுவாகச் செலவழித்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் குறையும். 12 வோல்ட்டை 230 ஆக மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். மாமாவின் மூன்று வருடப் பழைய பேட்டரியைச் சோதித்தேன். ஏழே நிமிடம். புதிது போட்டபின் 18 நிமிடம்.

இந்த லட்சணத்தில் லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. பிரிண்டரை நேராகச் சுவரில் சொருகுங்கள்.

இப்போது யூபிஎஸ்ஸின் பின்புறம் பாருங்கள். பிரிண்டர் கேபிள் போன்ற சதுர முனைக்கு ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறதா? மாமாவின் பெட்டியில் இருந்தது. கேபிள், பிரிக்காத பாலிதீன் உறையிலேயே கிடந்தது! அதை கம்ப்யூட்டரில் சொருகினால், லேப்டாப்பில் இருப்பது போல கடிகாரத்துக்குப் பக்கத்தில் பேட்டரி ஐகான் வரும். வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் யூபிஎஸ் கம்பெனியின் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதில் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்' கிளிக் செய்யுங்கள். பட்டியலின் கடைசியில் 'பேட்டரி' இருக்கும். அதில் 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்' என்ற இடத்தில், 'ஆன் பேட்டரி' என்பதற்கு நேராக 'ஹைபர்நேட்' தேர்வு செய்யுங்கள். ஏன் 'ஷட் டவுன்' வேண்டாம்? சேவ் செய்யாமல் திறந்து கிடக்கும் பைலை அது காப்பாற்றாது. ஹைபர்நேட் அப்படியல்ல. மெமரியில் இருப்பதை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைகிறது. கரண்ட் வந்து ஆன் செய்தால், விட்ட கட்டத்திலேயே மவுஸ் நிற்கும். மாமாவுக்கு அன்று தேவைப்பட்டது இதுதான்.

'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' மிகக் குறைவாக இருந்தால் நான் அதை 40 சதவீதமாக உயர்த்திவிடுவேன். பழைய பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று உயிரை விடும். அதை நம்பக் கூடாது.

செட்டிங் செய்தால் மட்டும் போதாது, சோதியுங்கள். எல்லா பைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவர் சுவிட்சை ஆப் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் இணைப்பும் போய்விடும். எத்தனை நிமிடத்தில் தானாக ஹைபர்நேட் ஆகிறது என்று குறித்து, தேதியுடன் யூபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள்.

உங்கள் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளை இல்லையா? விலை குறைந்த பலவற்றில் இருக்காது. அப்போது ஆட்டோசேவ் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்கு வெயில் ஆகாது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும் என்பார்கள். ஓட்டு வீட்டுச் சூட்டில் மூன்றுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பழையதில் ஈயமும் அமிலமும் இருப்பதால் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மாமாவின் யூபிஎஸ்ஸில் இப்போது இரண்டு சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன. இரண்டாவதை அத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்: "இது கத்தினால் மாமாவைக் கூப்பிடவும்."