காருக்கு ஜோடிப் பல் சக்கரம் தேடி புதுப்பேட்டையில் வேட்டை!

சீமை ஸ்போர்ட்ஸ் காருக்கு வண்டலூர் வண்டி கை கொடுக்குமா?

பார்க்க ராஜா மாதிரி கார். இரண்டே பேர் உட்காரலாம். மேல்மூடியை மடக்கிவிட்டால் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் கொஞ்சம் வேகம் பிடித்ததும் பின்பக்கம் "உய்ய்ங்" என்று ஓர் ஊளை! ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு ராகம். காலை எடுத்தால் இன்னொரு ராகம்!

"டிபரன்சியல் போச்சு சார்!" என்று மெக்கானிக் சொன்னதும், பழைய காரை ஆசையாக வைத்திருப்பவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் டிபரன்சியல். அதற்குள் 'கிரவுன்' என்ற பெரிய பல் சக்கரமும் 'பினியன்' என்ற சின்னதும் எப்போதும் கடித்தபடி ஓடும். தேய்ந்து போவது இந்த ஜோடிதான்.

வண்டலூர் உறவு

டிரையம்ப் ஸ்பிட்பயர் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. அதற்கான டிபரன்சியலைச் சென்னையில் ஏன் தேட வேண்டும்?

காரணம் இருக்கிறது. ஸ்பிட்பயர் பிறந்ததே டிரையம்ப் ஹெரால்டு காரின் அடிப்படையில்தான். அதே ஹெரால்டு 1961 முதல் 1971 வரை வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. அம்பாசடர், பியட் வரிசையில் மூன்றாவதாக ஓடியதே, அந்த வண்டிதான்! தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. ஆனால் இரண்டு கார்களும் பங்காளிகள் என்பது மாறவில்லை.

ஆகவே புதுப்பேட்டையில் அழுக்கு மண்டிக் கிடக்கும் ஹெரால்டு டிபரன்சியலைப் பார்த்தால் ஸ்பிட்பயர்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறுவது சகஜம்.

அவசரப்பட்டால் காசு போச்சு!

"ஸ்டாண்டர்டு தானே சார், எடுத்துட்டுப் போங்க" என்று 'கெஸல்' வண்டிச் சாமானை நீட்டினால் வாங்கக்கூடாது. ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் வந்த அந்த வண்டியின் பின் ஆக்சில் அமைப்பே வேறு.

ஹெரால்டு சாமானே கிடைத்தாலும் பல்லை எண்ணாமல் காசு கொடுக்கக்கூடாது. முதலில் வந்த ஸ்பிட்பயரில் கிரவுனுக்கு 37 பல், பினியனுக்கு 9. அதாவது 4.11-க்கு 1. பின்னால் வந்த 1500 சி.சி. வண்டியில் 29-க்கு 8. இங்கிலாந்தில் ஓடிய 948 சி.சி. ஹெரால்டு சலூனிலோ 39-க்கு 8. அதாவது 4.875.

அதை முதல் ஸ்பிட்பயரில் மாட்டினால் என்ஜின் 100 சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 119 சுற்று சுற்றி அலறும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். வண்டி 50-ல் போனால் முள் 59-ஐக் காட்டும்!

எண்ண வழி உண்டு. ஒரு பக்கத்து ஷாப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முன்பக்கம் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 4.11. ஐந்து சுற்றுக்குச் சற்று முன்னே நின்றால் 4.875.

பிரிக்கக்கூடாத ஜோடி

கிரவுன் ஒரு கடையில், பினியன் இன்னொரு கடையில் என்று வாங்குவது வீண். இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கி, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். எண் பொருந்தாத ஜோடி ஊளையிட்டே தீரும்.

மாட்டுவதும் சாமானிய வேலை அல்ல. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இடைவெளி. பல்லில் சாயம் தடவிச் சுற்றி, எந்த இடத்தில் பதிகிறது என்று பார்த்து, மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

ஒன்று பிழைக்க ஒன்று சாகணுமா?

ஆனால் ஹெரால்டு தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒரு ஸ்பிட்பயருக்காக ஓடும் நிலையில் உள்ள ஹெரால்டைப் பிரித்தால், நம்ம ஊரில் செய்த வண்டி ஒன்று குறைகிறது! பழைய டிரையம்ப் சாமான்களுக்கென்றே இங்கிலாந்தில் கடைகள் உண்டு. கனமான இரும்பு. கப்பல் கூலியும் சுங்க வரியும் கையைக் கடிக்கும். ஆனாலும் ஒரு கார் பிழைக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய் வற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 90 நம்பர் ஹைப்பாய்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். சத்தம் நிற்காவிட்டால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். பல் நன்றாக இருந்து பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றிய ஜோடியைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஹவுசிங், பக்கத்து ஷாப்டு, சின்னப் பல் சக்கரம் என்று ஏதாவது ஒன்று நாளைக்கு இன்னொரு வண்டியை ஓட வைக்கும்!