டார்ச் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

மக்களே, போன ஓணம் விடுமுறைக்கு குளத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மகள், ஆறாம் வகுப்புக்காரி, ஓடி வந்து என் காதில் ஒரு ரகசியம் சொன்னாள்.

"பெரியம்மா, பாட்டாவுக்கு அற்புதம் வந்திருக்குதாம். பின்ன ஏன் எல்லாரும் அழுறாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. மலையாளத்தில் அர்புதம் என்றால் புற்றுநோய். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கிற நமக்கெல்லாம் ஒரே வாயில் இரண்டு மொழி. பெரியவர்கள் அடுக்களையில் மலையாளத்தில் கிசுகிசுத்திருக்கிறார்கள்; பிள்ளையின் காதில் அது தமிழாக விழுந்திருக்கிறது.

அவளைத் திண்ணையில் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானாகவே நினைத்து நினைத்துப் பயப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. தோல், நாக்கு, குடல், இரத்தம் எல்லாம் இந்தச் செல்களால் ஆனவை. பழைய செல் சாகும். பக்கத்துச் செல் இரண்டாகப் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். முழங்காலில் சிராய்ப்பு ஆறுவது இப்படித்தான். ஆறியதும் செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். இந்த 'நிறுத்து' என்கிற சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான் நல்ல செல்லின் குணம்.

இப்படிப் பிரியும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்றொரு புத்தகம் இருக்கிறது. அம்மா தந்த பிரதி ஒன்று, அப்பா தந்த பிரதி ஒன்று. ஒவ்வொன்றிலும் 300 கோடி எழுத்து. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இதை முழுசாகப் பார்த்து எழுதியாக வேண்டும். நீங்கள் கரும்பலகையைப் பார்த்து ஒரு பக்கம் எழுதினாலே நாலு பிழை வருமே, இத்தனை கோடியில் வராமல் இருக்குமா? வரும். ஆனால் செல்லுக்குள்ளேயே பிழை திருத்துபவர்களும் இருக்கிறார்கள். திருத்தவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செல்லை 'நீ போதும்' என்று சாகச் சொல்லும் காவல்காரரும் இருக்கிறார். பி53 என்பது அவருடைய பெயர்.

இந்தக் காவல்காரரைச் செய்வதற்கான குறிப்பு நம்மிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. உற்சவத்தில் நெற்றிப்பட்டம் கட்டி நிற்கிறதே யானை, அதனிடம் 40 பிரதி வரை இருப்பதை 2015-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு செல்கள், ஆனாலும் யானைக்குப் புற்றுநோய் அபூர்வம். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

ஒரே செல்லில் ஒரு பிழை, பத்து வருஷம் கழித்து இன்னொரு பிழை என்று சேர்ந்துகொண்டே போய், கடைசியில் காவல்காரரும் கெட்டுப்போனால் அந்தச் செல் யார் சொல்லையும் கேட்காது. பிரிந்துகொண்டே இருக்கும், பக்கத்து இடத்துக்குள் நுழையும், இரத்தத்தில் ஏறி வேறு ஊருக்கும் போகும். அதுதான் புற்றுநோய். பிழைகள் சேர வருஷக்கணக்காகும் என்பதால்தான் வயதானவர்களுக்கு இது அதிகமாக வருகிறது.

"பாட்டாவுக்குப் பிழை எப்படிச் சேர்ந்தது?" என்று கேட்டாள்.

பாட்டாவுக்கு நாற்பது வருஷமாக முறுக்கான் பழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு கிள்ளு போயிலை. வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் அவர் கட்டிலடியிலேயே இருக்கும். மென்று முடித்ததை இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் பேசுவார். தினமும் அதே கன்னம், அதே இடம். போயிலையில் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் பொருள்கள் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியும். 'போயிலை இல்லாமல் வெறும் பாக்குதானே' என்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்தது. தாம்பூலத் தட்டில் மங்கலமாக வைக்கிற பொருளைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

இனி நம் மாவட்டத்துக்கே பெருமையான ஒரு கதை. இதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் ஏன் வைக்கவில்லை என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. நம் ஊரில் ஆர்.சி.சி. என்றால்தான் தெரியும். 1990-களில் டாக்டர் சங்கரநாராயணனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்ப்பதால் மட்டும் உயிரைக் காப்பாற்ற முடியுமா?

முடியும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதை நிரூபிக்க வேண்டுமே! 1996-இல் நம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளை எடுத்து, குலுக்கல் போட்டதுபோல இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஏழு ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைச் சோதித்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான வைத்தியம் மட்டும். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 1,90,000 பேர். சோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை. வேறு பாடங்களில் பட்டம் வாங்கி, இதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்ட சாதாரண ஆட்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும் அதே வீடு, அதே வாய்.

2005-இல் 'லான்செட்' என்கிற மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, சோதிக்காத ஊர்களில் வாய்ப்புற்றுநோயால் 100 பேர் இறந்தால், சோதித்த ஊர்களில் 66 பேர். அந்தப் பழக்கம் இல்லாதவர்களிடம் இப்படி ஒரு பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். யாருடைய வாயை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அதிலிருந்துதான். நம் பஸ் போகிற ஊர்களில், நம்மைப் போன்றவர்களின் வீட்டுத் திண்ணைகளில் நடந்த சோதனை அது!

வாயில் அப்படி என்னத்தைப் பார்ப்பார்கள்? கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கின் அடி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம், மேலண்ணம் என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வரவர வாயைத் திறக்க முடியாமல் போவது: இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். திட்டு எல்லாமே புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் எது என்று கண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது.

பாட்டா பல்வலிக்குப் போனபோதுதான் பல் டாக்டர் டார்ச் அடித்து, இடது கன்னத்தில் அந்தத் திட்டைப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு அரிசி அளவு சதை எடுத்தார்கள். அதை மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊதாவும் ரோஸும் கலந்த சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நல்ல செல்கள் செங்கல் அடுக்கியதுபோல வரிசையாக இருக்கும். கெட்ட செல்கள் வரிசை கலைந்து, நடுவிலிருக்கும் உட்கரு பெரிதாகி, கறுத்துக் கிடக்கும். பாட்டாவின் சீவலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் திட்டு சின்னது, கழுத்துக்குப் பரவவில்லை.

முதலில் ஆபரேஷன். திட்டை மட்டுமல்ல, அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தார்கள். ஓரத்தில் ஒரு செல் மிஞ்சினாலும் அது திரும்ப வளருமே, அதற்காக.

பிறகு ஆறு வாரம் 'கரண்ட் வைத்தார்கள்'. எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு, பாட்டாவுக்கு ஷாக் அடிப்பார்கள் என்று என் தங்கை மகள் இரண்டு நாள் தூங்கவில்லை. அது கரண்ட் இல்லை மக்களே, கதிர். எலும்பைப் படம் எடுக்கிற எக்ஸ்ரேயின் பலசாலி அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படும்போது வலிக்காது. வெந்நீரில் போட்டால் இளகும் ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தில் வைத்து அழுத்தி முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் அது. கதிர் பட்டால் கெட்ட செல்லின் டி.என்.ஏ. முறியும். நல்ல செல்லிலும் முறியும், ஆனால் அது ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்துகொள்ளும். கெட்டதால் அவ்வளவு நன்றாக முடியாது. அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல் தினமும் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். வலிக்காது என்றேனே, அது படும்போது மட்டும். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண்ணாகி, பாட்டாவால் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. அது பிறகு ஆறிவிட்டது.

மருந்து ஏற்றுவது மூன்றாவது வழி. அது பாட்டாவுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அவர் வீட்டு வேலியிலேயே அந்த மருந்துகளில் ஒன்று பூத்து நின்றது! நித்தியகல்யாணி. கல்லறைப் பக்கம் தானாக வளர்வதால் மலையாளத்தில் இதைச் சவக்கோட்டைப் பச்சை என்பார்கள். அதனாலேயே பலர் தலையில் வைக்க மாட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் இதன் இலைகள் போயின. சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! 1958-இல் வின்பிளாஸ்டின் வந்தது. அதன் தம்பி வின்கிறிஸ்டின் இன்றும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. செல் பிரியும்போது டி.என்.ஏ. பொதிகளை இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறுகள் உண்டு. இந்த மருந்து அந்தக் கயிற்றைத் திரிக்கவே விடாது. (இலையைப் பறித்து மெல்லாதீர்கள். விஷம்.) ஒருகாலத்தில் அனேகமாக யாருமே பிழைக்காத அந்த நோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். இப்படிப்பட்ட மருந்துகள் வேகமாகப் பிரியும் எல்லாச் செல்லையும் தாக்கும். முடியின் வேரிலுள்ள செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது. மருந்து நின்றதும் முளைக்கும். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை தொப்பியோடு வந்தால் தொப்பியை இழுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டா குடித்த டம்ளரைத் தனியாக வைத்திருந்தார்கள். வேண்டியதே இல்லை. சேர்ந்து சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ புற்றுநோய் ஒட்டாது. அன்றே அந்த டம்ளரை நான் மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிட்டேன்.

இப்போது அந்த வெற்றிலைச் செல்லமும் கோளாம்பியும் பரணில் இருக்கின்றன. ஆபரேஷனும் கதிரும் சேர்ந்து பாட்டாவின் தாடை இறுகிப்போனதால் தினமும் வாய் திறக்கும் பயிற்சி. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூட்டலாம். எண்ணுகிற வேலை என் தங்கை மகளுடையது. முதல் நாள் ஒன்பது குச்சி. நேற்று ராத்திரி போன் பண்ணினாள்.

"பெரியம்மா, பதினாறு! பதினேழாவதும் பாதி போச்சு. நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்ளே எல்லாம் ரோஸாத்தான் இருக்கு."